பொட்டு வைத்த டியூப்

பம்புதான் சரியில்லை, வேறொன்றுமில்லை என்று நாச்சிமுத்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தபோதும் இதையேதான் சொல்லிக்கொண்டார், கை கழுவும்போதும் சொல்லிக்கொண்டார், இப்போது காரின் பானட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து, வியர்வை கண்ணில் இறங்க, இடுப்பு கழன்று விழப் போகிற மாதிரி வலிக்கும்போதும் அதைத்தான் சொல்கிறார். டூப்ளிகேட் பம்பு. உக்கடத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அந்த மூக்குக்கண்ணாடிக்காரன் அட்டைப்பெட்டியை மேசைமேல் தூக்கிப் போட்ட விதத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். பெட்டியில் ஒரு பெயர் கிடையாது, ஊர் கிடையாது, உயர்தரம் என்று மட்டும் தங்க எழுத்தில் போட்டிருந்தது. மேலே படத்தில் இருந்த பம்பு வேறு, உள்ளே இருந்த பம்பு வேறு. இது இந்த வண்டிக்கு ஆகுங்களா என்று கேட்டதற்கு, செட் ஆகும் சார் என்றான். ஒரிஜினல் கிடைக்காதுங்களா என்றதற்கு, உங்க வண்டிக்கு ஒரிஜினல் செய்யறதையே எப்பவோ நிறுத்திட்டாங்க, இது செட் ஆகும் என்றான். இந்தச் செட் ஆகும் என்கிற வார்த்தையைக் கண்டுபிடித்தவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். பொருந்தும் என்றால் பொய் சொன்னதாகிவிடும், பொருந்தாது என்றால் வியாபாரம் போய்விடும், அதனால் செட் ஆகும். யாருக்கு யார் செட் ஆவது, பம்புக்கு வண்டியா, வண்டிக்குப் பம்பா? இதை யாரிடம் சொல்கிறான் பாருங்கள். பம்புசெட் கம்பெனியில் கிணற்று மோட்டார் அசெம்ப்ளியிலேயே ஆயுளைக் கழித்து ஃபோர்மேனாக ரிட்டயர் ஆன மனுஷனிடம் சொல்கிறான். அவர் கை பட்டு வெளியே போன பம்புகள் இந்த ஜில்லா முழுக்கத் தோட்டம் தோட்டமாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கின்றன. கைக்குள் அடங்குகிற ஒரு பெட்ரோல் பம்பு, டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்குத் தள்ளுவதைத் தவிர உலகத்தில் வேறு ஜோலியே இல்லாத ஒரு சாமான், அவரை இப்படி நடு மத்தியானத்தில் வாசலில் நிறுத்தி வேடிக்கை பார்க்கிறது.

அதுவும் ஆயுத பூஜை அன்றைக்கு. கார் என்னவோ மாப்பிள்ளை கோலத்தில்தான் நிற்கிறது. கண்ணாடியில் சந்தனப்பட்டை, முன்னால் இரண்டு பக்கமும் கட்டிய வாழைக்கன்று, நம்பர் பலகையை மறைத்துக்கொண்டு செவ்வந்தி மாலை, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். பூஜை காலையிலேயே முடிந்தாயிற்று. சாமி கும்பிட்ட கையோடு வண்டியைக் கிளப்பிப் பழத்தை நசுக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போக வேண்டும், கேட்டில் பூசணிக்காய் உடைக்க வேண்டும். அந்தப் பூசணிக்காய் வாயில் குங்குமத்தை வைத்துக்கொண்டு காலையிலிருந்து கேட்டோரம் உட்கார்ந்திருக்கிறது. வீதியில் மற்றவர்கள் வண்டியெல்லாம் பழத்தை நசுக்கிவிட்டுப் பொரி கொறித்துக்கொண்டு ஊர் சுற்றப் போய்விட்டன. எதிர் வீட்டுப் பையன் பைக்கில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு காரணமே இல்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறான். வண்டியைத் தள்ளிப் பழத்தை நசுக்கிவிடலாம்தான், ஒன்றும் குற்றமில்லை. ஆனால் தள்ளுகிற வண்டிக்கு எதற்கு ஆயுத பூஜை? சரி, ஸ்பேனரை எடுத்துப் பம்பையாவது இன்னொரு தடவை இறக்கிப் பார்க்கலாம் என்றால் ஸ்பேனர் செட் முழுவதும் சாமி படத்துக்கு முன்னால் பலகையில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, பக்கத்தில் சுண்டல் வைத்து. நாளைக் காலையில் மறுபூஜை முடிகிறவரை தொடக்கூடாது. ஆயுதத்தைக் கும்பிடுகிற நாளில் ஆயுதத்தைத் தொடக்கூடாதாம். நல்லவேளை, பழைய குறடு ஒன்றைக் காம்பவுண்டு சுவர்மேல் மறந்து வைத்திருந்தார். மறந்தது என்று சொல்லக்கூடாது. வேண்டுமென்றேதான் வைத்தார், முன்யோசனையாக. அப்படித்தான் நினைவு.

குறடு போதும், ஏனென்றால் மிச்சம் இருப்பது டியூப் வேலை மட்டும்தான். பழைய பம்பைக் கழற்றிப் புதுசை முடுக்கியது நேற்றுச் சாயங்காலமே முடிந்துவிட்டது. மூன்று டியூப். கார்புரேட்டருக்குப் போகிறது கட்டைக்குட்டையாகக் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கிறது, அதைப் பற்றிப் பேச்சில்லை. மற்ற இரண்டும்தான் தொல்லை. ஒன்று டாங்கிலிருந்து பெட்ரோலைக் கொண்டு வருவது, இன்னொன்று மிஞ்சின பெட்ரோலை டாங்குக்கே திருப்பி அனுப்புவது. இரண்டும் வண்டிக்கு அடியில் சேர்ந்தே ஓடிவந்து ஒரே இடத்தில் தலை நீட்டுகின்றன. எந்தக் காலத்திலோ எந்த மெக்கானிக்கோ இரண்டுக்கும் ஒரே கறுப்பு டியூபாக வாங்கி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். பழைய பம்பில் டியூப் மாட்டுகிற வாய்கள் இருந்த இடம் வேறு, இதில் இருக்கிற இடம் வேறு, அதனால் இடத்தைப் பார்த்தும் மாட்ட முடியாது. இதெல்லாம் தெரிந்துதான் நேற்றே அடையாளம் வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறின ரப்பரில் சாக்பீஸ் பிடிக்கவில்லை. பூஜைக்குக் குழைத்து வைத்திருந்த குங்குமத்தைத் தொட்டு, கொண்டு வருகிற டியூபின் தலையில் ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. இதைவிட ஒரு சுத்தமான ஏற்பாட்டை எவன் செய்திருப்பான்? இருட்டிவிட்டது, காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டார். காலையில் பார்த்தால் எல்லா டியூபிலும் பொட்டு. இரண்டு டியூபிலும், கார்புரேட்டர் டியூபிலும், பாட்டரியில், ஏர்ஃபில்டரில், வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றுகிற டப்பாவில்கூட, சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்து, ஒன்றுவிடாமல். பெண்டாட்டி ருக்குமணியின் வேலை. ஒரு பொருளுக்கு வைத்து இன்னொரு பொருளுக்கு வைக்காவிட்டால் அவளுக்கு மனசு கேட்காது. கிரைண்டருக்கு வைப்பாள், அதன் ஒயருக்கும் வைப்பாள். அவர் கண்ணெதிரில்தான் வைத்தாள். அந்த மாம்பழக்கலர் சேலை, பானட்டுக்குள் நீண்ட கை, வளையல் இரும்பில் பட்டுக் கிணுகிணுத்தது எல்லாம் அப்படியே இருக்கிறது. அப்போதே வாயைத் திறந்து, அடியே அது அடையாளம், தொடாதே என்று சொல்லியிருக்கலாம். நல்ல நேரம் முடியப் போகுது, வாங்க வாங்க என்று அவள் போட்ட அவசரத்தில் வாய் வரவில்லை. மனுஷன் ஒரு பொட்டு வைத்தால் அது எதற்கு என்று கேட்க மாட்டாளா ஒரு பெண்பிள்ளை?

சொல்லிவிடலாம் அவளிடம். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகன் தீபன் கூப்பிடுவான். அப்பா காலையிலிருந்து ரெண்டு டியூபோட மல்லுக்கட்டறாரு என்பாள் இவள், சிரிப்பாகத்தான் சொல்வாள். அவன் சிரிக்க மாட்டான். போன மாதம் சூலூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பி மருதமலை ரோட்டில் போய் நின்றதிலிருந்து அவனுக்குச் சிரிப்பே போய்விட்டது. புதுசு புதுசாகப் பாலம் கட்டி, ஏறினால் எங்கே இறங்குவோம் என்று தெரியாதபடி ஊரையே முறுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் வழி தவறினால் பாலத்தின் குற்றமா, ஏறினவன் குற்றமா? அன்றிலிருந்து ருக்குமணி வேறு, எப்போதும் பின்சீட்டில் காலை நீட்டி உட்காருகிறவள், முன்சீட்டுக்கு வந்துவிட்டாள். இங்க திரும்போணுமில்லீங்க, சிக்னல் தாண்டி லெஃப்ட்டுதானுங்களே என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டே வருகிறாள். ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று ஒரு யோசனை வேண்டாமா? போன வாரம் அவள் போனில் ஸ்பீக்கரைப் போட்டுத் தீபனோடு பேசியது அடுப்படியிலிருந்து கேட்டது. சாவிய வாங்கி வெச்சுருங்கம்மா என்றான். பண்டிகை முடிஞ்சதும் நரம்பு டாக்டர்கிட்டப் போலாம், பெரியப்பாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது என்றான். பெரியப்பா என்றால் சென்னியப்பன், நாச்சிமுத்துவின் கூடப்பிறந்த அண்ணன், மில்லில் வேலை பார்த்தவன். பல்செட்டை வாயில் வைத்துக்கொண்டே, என்ற பல்ல இவதான் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டா என்று பெண்டாட்டியைப் போட்டு வைத மனுஷன். மொபெட்டைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு நடந்து வந்து, பக்கத்து வீட்டுக்காரன் திருடிவிட்டான் என்று போலீசுக்குக் கிளம்பிய மனுஷன். தனக்கு மறதி என்று அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் பழி போட ஒரு ஆள் வைத்திருந்தான். அவன் சொல்கிறபோது கேட்டால் நம்பித்தான் ஆக வேண்டும், அவ்வளவு தெளிவு. கடைசியில் தம்பியைப் பார்த்து, நீங்க யாரு, மில்லுக்கு வந்தவங்களா, உக்காருங்க என்று மரியாதையாகச் சொன்னான். அந்த மரியாதையை நாச்சிமுத்துவால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அதனால்தான் பம்பு சரியில்லை. பம்பு சரியில்லையென்றால் எல்லாம் சரி. நாளைக்கு உக்கடத்துக்குப் போய் அந்தக் கண்ணாடிக்காரன் மேசைமேல் பம்பைக் கடாசி நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம். தீபனுக்கும் சொல்லலாம், கேட்டயா, டூப்ளிகேட் சாமான் என்று. பம்பு நல்ல பம்பாக இருந்து வண்டி கிளம்பாவிட்டால்? அந்தப் பக்கம் யோசிக்க அவருக்கு இஷ்டமில்லை.

இஷ்டமில்லாவிட்டாலும் புத்தி அந்தப் பக்கம்தான் போகிறது. இருப்பது இரண்டு டியூப், இரண்டு வாய். இப்படி மாட்டு, கிளம்பாவிட்டால் மாற்றி மாட்டு, தீர்ந்தது விஷயம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்கிற வேலை. அவரும் அப்படித்தான் செய்தார். இப்படி மாட்டினார், கார்புரேட்டரில் பாட்டிலிலிருந்து ஒரு வாய் பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருகினார், எஞ்சின் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. ஊற்றின பெட்ரோல் தீர்ந்ததும் நின்றது என்றால் பம்பு இழுக்கவில்லை என்று அர்த்தம். சரி என்று இரண்டையும் கழற்றினார். கழற்றியது நன்றாக நினைவிருக்கிறது, முழங்கைவரை பெட்ரோல் வழிந்தது. பிசுக்காக இருக்கிறதே என்று துணியை எடுத்துத் துடைத்தார், இரண்டு டியூபையும், பொட்டோடு சேர்த்து. துடைத்ததும் நினைவிருக்கிறது. அப்புறம் மாட்டினார். மாற்றி மாட்டினாரா, துடைத்த சுகத்தில் இருந்தபடியே திரும்ப மாட்டினாரா? மாற்றித்தான் மாட்டியிருப்பார். வேறு எதற்குக் கழற்றினார்? மறுபடி ஊற்றி, மறுபடி இருமல், மறுபடி நின்றது. அப்போது சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டு வந்து, முதலில் இருந்தபடியே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கழற்றி மாட்டினார், அதுவும் இருமிவிட்டு நின்றது. முதலில் இருந்தபடி என்றால் எப்படி? சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றியிருந்தால் இப்போது மாற்றியது பழைய நிலைமை. மாற்றாமலிருந்திருந்தால் இதுதான் புதுசு. புதுசும் ஓடவில்லையென்றால் பம்பு குப்பை, அவர் பிழைத்தார். பழசையே மறுபடி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தால், அதற்குப் பெயர் வேறு. பாட்டரி வேறு இளைத்துவிட்டது. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் முனகுகிறது. அவர் மறுபடி கழற்றின இரண்டு டியூபையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. ஒரு ஈ வந்து மூக்கின்மேல் உட்கார்ந்தது. வாழ்க்கையில் இவ்வளவு எரிச்சலை அவர் பட்டதில்லை. எரிச்சலுக்கு அடியில் பயம் இருந்தது, அது அவருக்கும் தெரிந்தது. எரிச்சல் இருக்கிறவரை பயத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று எரிச்சலையே விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க, காப்பி ஆறுது” என்றாள் ருக்குமணி பின்னாலிருந்து. டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். “பக்கத்து வூட்டுப் பசங்களக் கூப்புடட்டுங்களா? ஒரு தள்ளுத் தள்ளுனாப் பழம் நசுங்கிப் போகுது. தள்ளி நசுக்குனா சாமி வேண்டாம்னா சொல்லப் போகுது?”

“ஒருத்தனும் வர வேண்டாம்.”

“சரிங்க” என்றாள். அப்போதும் போகவில்லை. அவள் நிற்பதே அவருக்கு முதுகில் உறுத்தியது. போ என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் அது தோன்றியது. கம்பெனியில் ஆயிரம் தடவை செய்திருக்கிறார், எந்தக் குழாய் தண்ணீருக்குள் போகிறது, எது வெளியே நிற்கிறது என்று பார்க்க. ஊதினால் போதும். டாங்கின் அடிவரை போகிற டியூபில் ஊதினால் பெட்ரோல் கொப்பளிக்கும். மேலோடு நின்றுவிடுகிறதில் ஊதினால் வெறும் காற்று. பொட்டும் வேண்டாம், சந்தனமும் வேண்டாம். இது ஏன் காலையிலேயே தோன்றவில்லை என்று கேட்டுக்கொண்டார், கேட்ட வேகத்திலேயே அந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ளினார். ஊதுகிறவன் இங்கே நின்றால் கேட்கிறதற்கு அங்கே ஒரு காது வேண்டும். வீட்டில் இருக்கிற இன்னொரு காது அவளுடையதுதான்.

“ருக்கு, பின்னால போயி டாங்கு மூடியத் தொறந்து காத வெச்சுக் கேளு. நான் இங்கிருந்து ஊதறேன். உள்ள சத்தம் வருதான்னு சொல்லு.”

ஏன் எதற்கு என்று கேட்காமல் அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். நாச்சிமுத்து ஒரு டியூபை வாயில் வைத்து ஊதினார். நாக்கில் பெட்ரோல் எரிந்தது.

“காத்து வருதுங்க. மூஞ்சீல அடிக்குது. சத்தமில்ல.”

மற்றதை வைத்து ஊதினார்.

“ஆ, வருதுங்க. வாய் கொப்புளிக்கற மாதிரி கேக்குது. இன்னொருக்கா ஊதுங்க. ஆமாங்க, நல்லாக் கேக்குது.”

அதை விடாமல் பிடித்துக்கொண்டே, பம்பில் உள்ளே நோக்கி அம்புக்குறி போட்ட வாயில் சொருகி, குறடால் கிளிப்பை ஏற்றினார். மற்றதை மற்ற வாயில் ஏற்றினார். பாட்டிலில் மிச்சமிருந்த பெட்ரோலைக் கார்புரேட்டரில் ஊற்றி, பானட்டை இறக்கிவிட்டுப் போய் உட்கார்ந்து, பாட்டரியில் இன்னும் ஒரு தடவைக்காவது உயிர் இருக்க வேண்டுமே என்று மருதமலை முருகனைக் கூப்பிட்டுச் சாவியைத் திருகினார். ஸ்டார்ட்டர் முனகியது, இழுத்தது, எஞ்சின் இருமியது. நிற்கப் போகிறது என்று அவர் கண்ணை மூடினார். நிற்கவில்லை. இருமல் தெளிந்து, கொஞ்சம் தடுமாறி, அப்புறம் சீராகப் பிடித்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை மிதித்தார், கேட்ட அளவுக்குக் கொடுத்தது. கியரைப் போட்டுக் கிளட்சை விட்டதும் நான்கு பழமும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிதுங்குவது சீட்டிலேயே தெரிந்தது. கேட்டுவரைக்கும் வந்து பிரேக் போட்டார். தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. சத்தமாகச் சிரித்தார்.

“பரவால்ல ருக்கு, பம்பு செட் ஆயிருச்சு.”

அவள் ஜன்னலோரம் வந்து நின்று சிரித்தாள். கன்னத்தில் டாங்குக் கரி ஒட்டியிருந்தது. அதைப் பார்க்க அவருக்கு இன்னும் குஷியாகிவிட்டது, கிண்டல் செய்யத் தோன்றியது.

“நீ மட்டும் காலையில எல்லா டியூபுக்கும் பொட்டு வெக்காம இருந்திருந்தா, அப்பவே கெளம்பியிருக்கும். நான் அடையாளம் வெச்சிருந்தேன். அதப் போயி அழிச்சு வெச்சே.”

அவள் சிரிப்பு நின்றது. மாலை நழுவியிருக்கிறதா என்று முன்னால் போய்ப் பார்த்தாள், நழுவாத மாலையை நேராக்கினாள், திரும்பி வந்தாள்.

“என்ன ருக்கு, சரிதான?”

“சரிங்க. என்ற தப்புத்தான்” என்றாள்.

அங்கேதான் அவருக்கு எங்கோ இடறியது. கல்யாணமான நாளிலிருந்து ருக்குமணி ஒரு தப்பையும் ஒப்புக்கொண்டதில்லை. சாம்பாரில் உப்பு அதிகமென்றால் உங்க நாக்குத்தான் சரியில்லை என்பாள். பால் பொங்கி வழிந்தால் பால்காரனைச் சொல்வாள். சண்டை போடுவாள், இரண்டு நாள் பேசாமல் இருப்பாள், ஒப்புக்கொள்ள மட்டும் மாட்டாள். இன்றைக்கு இவ்வளவு சுளுவாக, குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி, என்ற தப்புத்தான் என்கிறாள்.

“ருக்கு, பொட்டு வெச்சது யாரு?”

“விடுங்க. நல்ல நாளும் அதுவுமா.”

“சொல்லு.”

அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கதானுங்க வெச்சீங்க. எனக்கு முட்டி வலி, குனிய முடியலீன்னு நான் தட்டப் புடிச்சுட்டு நின்னேன். ஒண்ண விட்டா இன்னொண்ணு கோவிச்சுக்கும்னு சொல்லிச் சொல்லி ஒவ்வொண்ணுக்கா வெச்சீங்க. தீபனுங்கூட வீடியோ போன்ல பாத்து, அப்பா எஞ்சினுக்கே அலங்காரம் பண்றாருன்னு சிரிச்சானுங்களே.”

நாச்சிமுத்து தன் கையைப் பார்த்தார். கரியும் பெட்ரோலும்தான் இருந்தது, பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. மாம்பழக்கலர் சேலை, பானட்டுக்குள் நீண்ட கை, வளையல் சத்தம் எல்லாம் இப்போதும் அப்படியே கண் முன்னால் இருந்தன. அவள் சொன்ன பிறகும் துளிகூட மங்கவில்லை. எதிரில் நிற்கிறவள் கட்டியிருப்பது பச்சைச் சேலை. அது காலையில் கட்டினதா, பூஜைக்கப்புறம் மாற்றினதா என்று கேட்கலாம். கேட்கப் பயமாக இருந்தது.

“தீபங்கிட்ட இதச் சொல்லிராத” என்றார்.

“சொல்லமாட்டனுங்க.”

யோசிக்கவே இல்லை அவள். அவர் வாய் மூடுவதற்குள் வந்துவிட்டது பதில், தினமும் செய்து பழகின வேலை மாதிரி.

“இது மாதிரி நீ சொல்லாம வெச்சிருக்கறது இன்னும் எத்தன இருக்குது, ருக்கு?”

“பூசணிக்காய் ஒடைக்கோணும். பொழுது எறங்கறதுக்குள்ள எறங்கி வாங்க” என்றாள் அவள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, முந்தானையால் கன்னத்துக் கரியைத் துடைத்தாள். அது போகவில்லை, பரவியது.

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. பம்பில் ஒரு குறையும் இல்லை.